சிரிக்கிற பிள்ளை திடீரென்று அழுதால்: உரமா, பாலா, காதா?

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 27. முதல் குழந்தை, பெண், நாலரை மாதம். பிரசவத்துக்கு வந்தவர் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறார். கணவருக்குத் திருப்பூரில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

"யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள் டாக்டர். ராத்திரி ஒரு தடவை பாலுக்கு எழுந்தால் அதோடு சரி. அழவே தெரியாத பிள்ளை என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள்" என்று தொடங்குகிறது கடிதம். அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்து ராத்திரி பதினொன்றரை வரை நிறுத்தவில்லை. தோளில் போட்டார்கள், தொட்டிலில் ஆட்டினார்கள், வாசலுக்குத் தூக்கிப்போய் தெருவிளக்கைக் காட்டினார்கள். புதன் பகலில் ஓரளவு சரியாக இருந்தாள். இருட்டியதும் மறுபடி அதே அழுகை. வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை எனக்கு எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அம்மா, "உரம் விழுந்திருக்கு, பக்கத்து ஊர்க் கிழவியிடம் காட்டி எடுத்துவிடலாம்" என்கிறார்; தூக்கும்போது கழுத்தோ தோளோ பிசகிக்கொள்வதைத்தான் 'உரம்' என்பார்கள். மாமியார் போனில், "பால் பத்தவில்லை, பவுடர் பால் கொடு" என்கிறார். கணவர், பல் முளைக்கிறது என்கிறார். எதிர்வீட்டு அக்கா, திங்கட்கிழமை இவர் பலாச்சுளை சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார். கடைசியாக ஒரு பத்தி. அதை எழுதும்போது கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். புதன் ராத்திரி பத்தரைக்கு, குழந்தையை மெத்தையில் 'தொப்' என்று போட்டு, "என்னதான்டி வேணும் உனக்கு" என்று கத்திவிட்டாராம். "நான் நல்ல அம்மா இல்லையோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

இந்தப் பதில் வெளிவரும் வரை காத்திருக்கக் கூடிய விஷயமில்லை இது. அதனால் கடிதம் கிடைத்த அன்றே, "இன்றைக்கே குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள், காதைப் பார்க்கச் சொல்லுங்கள், மெடிக்கலில் வாங்கிய அந்தச் சளி சிரப்பை நிறுத்துங்கள்" என்று மூன்று வரியில் அவருக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. "இது அவளுடைய வழக்கமான அழுகை இல்லை" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான தகவல். நான் அந்தக் குழந்தையைப் பத்து நிமிடம் பார்ப்பேன். நீங்கள் நாலரை மாதமாகப் பார்க்கிறீர்கள். பசி அழுகை எது, தூக்க அழுகை எது, சிணுங்கல் எது என்று உங்கள் காதுக்குத் தெரியும். அந்தக் காது 'இது வேறு' என்று சொன்னால் வேறுதான். அதை வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

பிறந்து இரண்டு வாரத்தில் தொடங்கி ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குகிற ஒரு சாயங்கால அழுகை உண்டு. நன்றாக வளர்கிற, எந்த நோயும் இல்லாத குழந்தைகளும் அப்படி அழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வெஸ்ஸல் 1954-ல் அதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல். 1962-ல் பிரேசில்டன், தாய்மார்களைத் தினமும் குறித்துவைக்கச் சொல்லி, ஆறு வாரத்தில் அழுகை கூடி அப்புறம் குறைவதைக் காட்டினார். இதைத்தான் நாம் 'வாயு', 'வயிற்றுப் பொருமல்' என்கிறோம். உங்கள் மகளுக்கு அந்தப் பருவம் முடிந்துவிட்டது. அப்போதே அழாதவள் நாலரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று அழ ஆரம்பித்தால், அதை 'வாயு' என்று சொல்லி விட்டுவிட முடியாது. புதிதாக ஒன்று நடந்திருக்கிறது. பெரும்பாலும் அது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அது என்னவென்று பார்த்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே இருக்கும் தடயங்கள்

போகிற போக்கில் சில வரிகள் எழுதியிருக்கிறீர்கள். நான் அவற்றின் கீழ் கோடு போட்டு வைத்தேன்.

"ஒரு வாரமாகச் சளி." "மார்பில் வைத்தால் ஆசையாகப் பிடிக்கிறாள், ஒரு நிமிடம் கூட இல்லை, விட்டுவிட்டு வீறிடுகிறாள்." "தோளில் நிமிர்த்திப் போட்டால் கொஞ்சம் அடங்குகிறாள், படுக்கப் போட்டால் மறுபடி ஆரம்பிக்கிறாள்." "உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி இருக்கிறது."

இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் என் சந்தேகம் முதலில் போவது நடுக்காதுக்கு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. கைக்குழந்தைக்கு அது குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருக்கும். சளி பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி, சீழாகும். குழந்தை உறிஞ்சி விழுங்கும்போது அங்கே அழுத்தம் மாறும், வலிக்கும். அதனால்தான் பசியோடு மார்பைப் பிடிக்கிறாள், வலியோடு விடுகிறாள். படுத்தால் அழுத்தம் கூடும், நிமிர்த்தினால் குறையும். பகலில் பெரும்பாலும் யாராவது தோளில் வைத்திருக்கிறீர்கள். ராத்திரிதான் படுக்க வைக்கிறீர்கள். அழுகை இருட்டியதும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூக்கு மட்டும் அடைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி நடக்கும். வாயில் மார்பு, மூக்கில் சளி. மூச்சு விட வழியில்லாமல் குழந்தை விலகி அழும். இரண்டில் எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்கிற கருவி ஒன்று உண்டு. இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும். "அவள் காதைத் தொடவே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நாலைந்து மாதத்தில் குழந்தைகள் காது கண்டுபிடித்த சந்தோஷத்தில் சும்மாவே பிடித்து இழுப்பார்கள். வலிக்கிற பிள்ளை தொடாமலும் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். நாளைக்கே அழுகை பட்டென்று நின்று, தலையணைத் துணியில் மஞ்சளாகக் கசிவு தெரிந்தால், குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. செவிப்பறையில் சின்னத் துளை விழுந்து சீழ் வெளியே வந்ததால் வலி குறைந்திருக்கிறது. அது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், ஆனால் மருத்துவம் வேண்டும். இடைப்பட்ட நாளில் காதுக்குள் நல்லெண்ணெய், தாய்ப்பால், பூண்டுச்சாறு எதையும் விடாதீர்கள்.

அப்புறம் அந்த சிரப். ஞாயிற்றுக்கிழமை மெடிக்கலில் "குழந்தைக்குச் சளி" என்று சொல்லி வாங்கி, மூன்று வேளை கொடுத்துக்கொண்டிருப்பதாக ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேயிருந்து நகர முடியவில்லை. சளி சிரப்புகள் பலவற்றில் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்று இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். இந்தக் கலவையை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டு, லேபிளிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறது. பினைல்எப்ரின் சில குழந்தைகளுக்குப் படபடப்பையும் தூக்கமின்மையையும் அடங்காத அழுகையையும் கொண்டுவரும். ஞாயிறு மருந்து, செவ்வாய் அழுகை. உங்கள் மகள் விஷயத்தில் இதுவும் சேர்ந்திருக்கலாம். 2025-ல் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். கைக்குழந்தையின் சளிக்குச் சிரப் தேவையே இல்லை. உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு, பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் விடுங்கள். போதும்.

பாலா, பல்லா, பலாச்சுளையா?

பால் பத்தவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. பத்துகிறது என்பதற்கு இருக்கிறது. பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் அங்கன்வாடியில் 6.2 கிலோ. பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பானால் நல்லது என்போம். உங்கள் மகள் அதற்கு முன்பே தாண்டிவிட்டாள். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன? மாமியாரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள், அவர் மேல் கோபப்படாமல். "ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் கூட வேண்டாம்" என்று டாக்டர் சொன்னார் என்று என் பெயரில் பழியைப் போட்டாலும் சரி.

பல்லைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. முதல் பல் ஆறு மாத வாக்கில் வரும், சிலருக்கு முன்னதாகவும் வரலாம். ஈறு நமநமக்கும், எச்சில் வடியும், கிடைத்ததையெல்லாம் கடிப்பாள், கொஞ்சம் சிணுங்குவாள். ஐந்தரை மணி நேரம் வீறிட மாட்டாள். காய்ச்சலையும் பேதியையும் 'பல் முளைக்கிறது' என்று சொல்லி நாள் கடத்தி, நீர்வற்றிய நிலையில் வந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பலாச்சுளைக்கும் இந்த அழுகைக்கும் சம்பந்தமில்லை. நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மிகச் சில குழந்தைகளுக்கு, தாய் குடிக்கிற பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போய் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும். அப்படியானால் மலத்தில் ரத்தக்கீற்று, தோலில் அரிப்புப்படை என்று வேறு அடையாளங்களும் சேர்ந்து பல வாரம் இருக்கும். ஒரே செவ்வாய்க்கிழமையில் வராது.

கிரைப் வாட்டர் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு மருந்துக்கடைக்காரர் தயாரித்த கஷாயம் அது. ஆரம்பத்தில் அதில் சாராயம் கலந்திருந்தது. குழந்தைகள் அமைதியானதில் ஆச்சரியமில்லை. இப்போதைய பாட்டில்களில் சாராயம் இல்லை என்றாலும், அழுகையை நிறுத்தும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. வேண்டாம். தேனில் குழைத்த வசம்பும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கித் தசைகளைத் தளர வைத்துவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் மூச்சுக்கே ஆபத்து.

உரம் எடுக்கலாமா?

இதை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் சொல்கிற 'உரம்' சும்மா வந்த பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். கழுத்து நிற்காத குழந்தையைச் சரியாகத் தாங்காமல் தூக்கினால் கழுத்தோ தோளோ பிசகி வலிக்கும் என்று நம் பாட்டிகள் கவனித்தார்கள். தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கு என்று சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்ததும் அவர்கள்தான். வெதுவெதுப்பான எண்ணெய் தொட்டு முதுகைத் தடவுவது, மடியில் குப்புறப் போட்டு மெல்ல ஆட்டுவது, நெஞ்சோடு அணைத்து நடப்பது, இதெல்லாம் எந்த மருந்தையும் விட நல்லது. பேத்திக்குத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் உரம் எடுக்கிறவர் கையில் கொடுத்தால் நடப்பது வேறு. சேலையில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவார்கள், சிலர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். 'குடலேற்றம்' என்று சொல்லி வயிற்றை அழுத்தித் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 'தொக்கம்', அதாவது உள்ளே சிக்கிய உணவை, எடுக்கிறேன் என்று குழாய் வைத்து ஊதுகிறவர்களும் உண்டு. குழந்தை களைத்துத் தூங்கிவிடும்; சரியாகிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். உள்ளே காதில் சீழ் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். வயிற்றுக்குள் நிஜமாகவே ஒரு சிக்கல் இருக்கும்போது அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அரை நாளும் போய்விடும். அந்த அரை நாள் எவ்வளவு பெரிது என்று அடுத்துச் சொல்கிறேன்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

இந்த வயதில் நான் மிகவும் பயப்படுவது குடல் செருகலுக்கு. சட்டைக் கையை உள்ளே தள்ளினால் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் போகிறதே, அதுபோல் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை வரும். ஐந்திலிருந்து ஒன்பது மாதத்தில்தான் அதிகம். அந்த அழுகைக்கு ஒரு தாளம் உண்டு. திடீரென்று காலை வயிற்றோடு மடக்கி வீறிடும், முகம் வெளிறும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். பதினைந்து இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். மறுபடி அதே. போகப்போக இடைவெளியில் விளையாடாமல் துவண்டு கிடக்கும், வாந்தி எடுக்கும். சிவப்பு ஜெல்லி மாதிரி ரத்தமும் சளியும் கலந்து மலம் போகும். அது வரும்போது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனில் உடனே தெரிந்துவிடும். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ செலுத்தியே பிரித்துவிடலாம். நேரம் கடந்தால் அறுவை சிகிச்சைதான். உங்கள் மகள் தொடர்ச்சியாக அழுகிறாள், பகலில் சிரிக்கிறாள், வாந்தி இல்லை; அதனால் இது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அந்தத் தாளத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நடு ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும்:

- பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், கல் போல உப்பிய வயிறு
- அழுகை கீச்சென்று மாறுவது, அல்லது அழக்கூடத் தெம்பில்லாமல் துவள்வது
- அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, வலிப்பு
- மூச்சு வாங்குவது, விலா உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது
- எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது, பாலே எடுக்காதது
- தொடை இடுக்கில் அமுங்காத வீக்கம். ஆண் குழந்தையானால் விதைப்பை சிவந்து வீங்குவது
- கீழே விழுந்தபின் தொடங்கிய அழுகை. ஒரு கையையோ காலையோ அசைக்காதது

மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அது மட்டுமே போதும், வேறு எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள் என்றாலும், "லேசாகச் சுடுகிற மாதிரி" என்பது எனக்குப் போதாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அக்குளில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். காய்ச்சல் இருந்து காதும் சுத்தமாக இருந்தால் டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொல்வார். கைக்குழந்தைகளுக்கு, அதுவும் பெண் குழந்தைகளுக்கு, சிறுநீர்த் தொற்று வெளியே ஒன்றும் காட்டாது.

விளக்கைப் போட்டு, துணியைக் கழற்றி

இது நான் தவறு செய்து கற்றது. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்கால ராத்திரி, ஐந்து மாத ஆண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நான்கு மணி நேரமாக அழுகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன். எல்லாம் சரி. காலில் மஞ்சள் உல்லன் சாக்ஸ் போட்டிருந்தது. குளிருமே என்று அதை மட்டும் கழற்றவில்லை. வாயு என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். காலை ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா பேசாமல் சாக்ஸைக் கழற்றிக் காட்டினார். வலது காலின் மூன்றாவது விரல் நுனி நாவல்பழம் போலக் கருத்து வீங்கியிருந்தது. அடியில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு முடி. அந்த அம்மாவின் தலைமுடி, நாலைந்து சுற்று, தோலுக்குள் புதைந்து கிடந்தது. அறுத்து எடுத்தோம். விரல் பிழைத்தது. அன்றிலிருந்து அழுகிற குழந்தையை முழுக்கக் கழற்றாமல் நான் பார்ப்பதில்லை.

பிரசவம் ஆகி மூன்று நான்கு மாதத்தில் தாய்க்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். உங்களுக்கும் இப்போது கொட்டிக்கொண்டிருக்கும். சாக்ஸுக்குள், கையுறைக்குள், டயப்பருக்குள், தொட்டில் சேலையில் எல்லாம் அது போய் இருக்கும். ஈரமாக இருக்கும்போது நீளும், காய்ந்தால் சுருங்கி இறுக்கும்.

ஆகவே நல்ல வெளிச்சத்தில் குழந்தையை முழுசாகக் கழற்றி, உச்சியிலிருந்து பாதம் வரை பாருங்கள். ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிகிறதா? தன் நகத்தாலேயே கருவிழியைக் கீறிக்கொண்டிருப்பாள். அதற்கு டாக்டர் ஒரு சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்ப்பார். வாய்க்குள் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா? கழுத்து மடிப்பில் பால் ஊறிப் புண்ணாகியிருக்கிறதா? மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு, அரைஞாண், கொலுசு ஏதாவது இறுகியிருக்கிறதா? நாலு மாதத்துக்கு முன் கட்டிய கயிறு நாலு மாதத்துக்கு முந்தைய குழந்தைக்கானது. தொட்டில் சேலையில் எறும்பு, துணியில் ஊக்கு, புதிதாகக் குத்திய காது. ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். டயப்பர் போடுகிற இடத்தில் மடிப்புகளையும் விலக்கிப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும். முடியோ நூலோ தெரிந்து சுலபமாகப் பிரியவில்லை என்றால் வீட்டில் வெட்ட முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

செலவைப் பற்றித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் இது உங்கள் மகளின் உரிமை. யாரும் செய்யும் தயவு இல்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ராத்திரியும் டாக்டர் இருப்பார்.

தனியார் கிளினிக்கோ அரசு மருத்துவமனையோ, "காதைப் பார்த்தீர்களா டாக்டர், முழுக்கக் கழற்றிப் பார்க்கிறீர்களா" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். காதில் தொற்று என்று உறுதியானால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பொதுவாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இரண்டாம் நாளே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் எழுதினால் எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பிலோ ஐந்து மில்லியில் 125 அல்லது 250. ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றில் ஊற்றிவிட்டால் விபரீதம்.

அந்த ராத்திரி

கடைசிப் பத்திக்கு வருகிறேன்.

மெத்தையில்தான் போட்டீர்கள். அப்புறம் அவளுக்கு வாந்தியோ மயக்கமோ இல்லை, காலையில் பால் குடித்துச் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் தலையில் ஏதும் ஆகியிருக்குமோ என்ற பயம் பெரிதாக வேண்டாம். ஆனாலும் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். மறைக்காமல் சொல்கிற அம்மாவை எந்த நல்ல டாக்டரும் தவறாக நினைக்க மாட்டார்.

நாலரை மணி நேரம் காதருகில் ஒரு பிள்ளை வீறிட்டால் யாருக்கும் தலைக்குள் ஏதோ அறுந்து போகும். எனக்கும் என் பிள்ளையிடம் அப்படி ஒரு ராத்திரி வந்தது. அதனால் அந்த நிமிடத்துக்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறது, கோபம் ஏறுகிறது என்று தெரிந்த உடனே குழந்தையைத் தரையில் பாய் விரித்து மல்லாத்திப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணையோ துணியோ வேண்டாம். வாசலுக்குப் போய் முகம் கழுவி, பத்து நிமிடம் உட்காருங்கள். அழட்டும். பத்து நிமிட அழுகையில் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரே ஒரு தடவை பிடித்து உலுக்கினால், கழுத்து வலுவில்லாத அந்தத் தலைக்குள் ரத்தம் கசிந்து கண்ணும் மூளையும் போய்விடலாம், உயிரும் போகலாம். வீட்டில் குழந்தையைத் தூக்குகிற எல்லோருக்கும், திருப்பூரிலிருந்து வருகிற உங்கள் கணவருக்கும், இதைச் சொல்லிவையுங்கள். இந்தப் பத்து நாள் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை உங்கள் அம்மா, எட்டிலிருந்து நீங்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். கணவரால் இரண்டு நாள் லீவு போட முடியுமா என்று கேளுங்கள். வேலை பறிபோகுமோ என்று நீங்களாகவே யோசித்து, கேட்காமல் இருக்காதீர்கள்.

அவள் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு. மருத்துவம் உண்டு, குணமாகும், தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டியிருக்காது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அம்மாவிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்த சிரப் பாட்டில், தடுப்பூசி அட்டை, காய்ச்சல் குறித்த தாள், ஒன்றுக்குப் போன ஒரு டயப்பர், நான்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவள் அழும்போது ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எத்தனையோ பிள்ளைகள் என் மேசைக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போலச் சிரிக்கும். அப்போது அந்த வீடியோதான் எனக்கு உதவியிருக்கிறது. காதில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.